அழையாமல் வந்தவர்கள், அழைத்தால் வருபவர்கள்

பிரெஞ்சுப் பொருளியலாளர் ழான் ஃபூராஸ்தியே 1979இல் வெளியிட்ட புத்தகம் ஒரு சின்னக் குறும்போடு தொடங்குகிறது. மதேர், செசாக் என்று இரண்டு ஊர்களை அருகருகே வைத்து விவரிக்கிறார். மதேரில் 534 பேர். உழைக்கும் 279 பேரில் 208 பேர் விவசாயிகள். வீட்டுச் செலவில் முக்கால் பங்கு சாப்பாட்டுக்கே போய்விடுகிறது. அதிலும் பாதி ரொட்டியும் உருளைக்கிழங்கும்தான். கசாப்புக் கடை இறைச்சி வாரத்துக்கு ஒருமுறை. வெண்ணெய் என்ற பேச்சே இல்லை. செசாக்கில் 670 பேர். உழைக்கும் 215 பேரில் விவசாயிகள் வெறும் 53 பேர். கார், குளிர்பதனப் பெட்டி, தொலைக்காட்சி எல்லாம் பெரும்பாலான வீடுகளில் வந்துவிட்டன. ஒன்று ஏழை நாட்டு ஊர், மற்றது பணக்கார நாட்டு ஊர் என்று நாம் முடிவுகட்டும் நேரத்தில், இரண்டும் ஒரே ஊர்தான் என்று சொல்லிவிடுகிறார். தென்மேற்கு பிரான்சில், காவோர் நகரத்துக்குப் பக்கத்தில், லோத் ஆற்றங்கரையில் இருக்கும் துவெல்தான் அது. 1946இல் மதேர், 1975இல் செசாக்.

ஃபூராஸ்தியே தொழில்களையும் வீட்டுச் சாதனங்களையும் எண்ணினார். அவர் வேலை அது. எனக்கு அந்த ஊர்களின் இரவுச் சாப்பாட்டு மேசையை எண்ணிப் பார்க்க ஆசை. யார் உட்கார்ந்தார்கள், யார் நின்றார்கள், யாரைக் கூப்பிட வேண்டியிருந்தது, யார் கூப்பிடாமலே வந்தார்கள்?

துவெல் அடங்கிய கெர்சி வட்டாரத்தில் குளிர்காலத்துப் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும். வயல் வேலை கிடையாது. ஒவ்வொரு வீடும் தனித்தனியாக விறகு எரித்து, தனித்தனியாக விளக்கேற்றினால் கட்டுப்படியாகாது. அதனால் சூப்பைக் குடித்துவிட்டு இரண்டு மூன்று குடும்பங்கள் ஒரே வீட்டில் கூடுவார்கள். இன்று என் வீடு, நாளை உன் வீடு. ‘வெயே’ என்ற இந்த இராக்கூட்டத்தைப் பற்றிப் பிரெஞ்சுக்காரர்கள் இப்போது கண்கலங்கப் பேசுகிறார்கள். கதையும் பாட்டும் இருந்தது உண்மை. ஆனால் கூடியதற்கு முதல் காரணம் விறகுச் சிக்கனம். வெறுங்கையோடு உட்காரவும் முடியாது. கெர்சியிலும் பக்கத்துப் பெரிகோரிலும் வால்நட் மரங்கள் ஏராளம். மடியில் பலகை, கையில் சின்ன மரச்சுத்தி. ஓட்டை உடைக்க வேண்டும், பருப்பு சிதையக் கூடாது. முழுப் பருப்பு நல்ல விலைக்குப் போகும். நொறுங்கியது எண்ணெய்ச் செக்குக்கு. சமையலுக்கு அங்கே அந்த எண்ணெயும் வாத்துக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும்தான். கை வேலை செய்யும்போது வாய் ஓயாது. ஊர்வம்பும் பேய்க்கதையும் கல்யாணப் பேச்சும் அந்தச் சுத்திச் சத்தத்துக்கு நடுவே நடந்தேறின. கலையும்போது சுட்ட செஸ்ட்நட் கொட்டையும் புது ஒயினும் கொடுப்பார்கள்.

பெரிய சாப்பாடு என்றால் அது வேலையின் கூலியாகத்தான் வரும். கதிரடிக்கும் இயந்திரம் ஊருக்குள் வந்துவிட்டால் அக்கம்பக்கத்து ஆண்கள் எல்லாரும் ஒரு களத்திலிருந்து அடுத்த களத்துக்குப் போவார்கள். இன்று உனக்கு நான், நாளை எனக்கு நீ. பணம் கைமாறாது, சாப்பாடு மாறும். சேவல் குழம்பு, கோழிச் சூப், வறுவல், பணியாரம், கணக்குப் பார்க்காத ஒயின். சாப்பாடு மட்டமாக இருந்தால் அந்த வீட்டின் பெயர் அடுத்த ஆண்டுவரை அடிபடும். குளிர்காலத்தில் பன்றி அறுக்கும் நாளும் அப்படித்தான். உதவிக்கு வந்தவர்களுக்கு இரத்தத்தில் செய்த புதேன் என்ற தொத்திறைச்சியில் ஒரு பங்கு போகும். அவர்கள் பன்றி அறுக்கும்போது திரும்பி வரும். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் பக்கத்து வீட்டு வயிறுதான் குளிர்பதனப் பெட்டி.

மேசையில் எல்லாரும் சமமாக இருக்கவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். ஆண்கள் அவரவர் சட்டைப் பையில் அவரவர் கத்தி. வீட்டுத் தலைவர் ரொட்டியின் அடியில் கத்தி முனையால் சிலுவை போட்டுவிட்டு, நெஞ்சோடு அணைத்து அறுத்துக் கொடுப்பார். ரொட்டியைக் கவிழ்த்து வைத்தால் கேடு வரும் என்பார்கள். பல பண்ணைகளில் எசமானர் கத்தியை மடக்கிவிட்டால் சாப்பாடு முடிந்தது. பண்ணையாளின் தட்டில் என்ன மிச்சம் இருந்தாலும் எழுந்திருக்க வேண்டியதுதான். மெதுவாகச் சாப்பிடும் பையன் பசியோடு எழுந்துபோவான். வீட்டுப் பெண்கள் அடுப்புக்கும் மேசைக்கும் நடுவே நின்றபடி ஏதோ கொஞ்சம் விழுங்குவார்கள். பிரெஞ்சுப் பெண்கள் முதன்முதலில் ஓட்டுப் போட்டதே 1945 ஏப்ரலில்தான். கணவன் கையெழுத்து இல்லாமல் வங்கிக் கணக்குத் தொடங்கச் சட்டம் இடம் கொடுக்க 1965 ஆயிற்று.

அன்றாடச் சாப்பாடு சூப்பைச் சுற்றியே இருந்தது. காலையிலும் அதுதான். பூண்டை வாத்துக் கொழுப்பில் வதக்கி, தண்ணீர் ஊற்றி, பழைய ரொட்டித் துண்டுகள் மேல் கொட்டினால் ‘தூரேன்’. கிண்ணத்தில் கொஞ்சம் சாறு மிஞ்சியதும் அதில் சிவப்பு ஒயினை ஊற்றி, ஒரு சுழற்றுச் சுழற்றி, கிண்ணத்தைத் தூக்கி அப்படியே குடிப்பார்கள். ‘ஷப்ரோ’ என்ற இந்தப் பழக்கத்தில் கிண்ணமும் கழுவினாற்போல் ஆகிவிடும், உடம்பும் சூடேறும். உப்பிட்ட வாத்தை அதன் கொழுப்பிலேயே மெல்ல வேகவைத்து, மண் பானையில் கொழுப்போடு மூடி வைத்தது கெட்டுப்போகாமல் இருக்கத்தான். ருசி கூடவே வந்த இலாபம். அந்தப் பானையைக் கண்டபடி திறக்க மாட்டார்கள். நல்ல வாத்தும் நல்ல வால்நட்டும் சந்தைக்குப் போகும்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அறுவடையும் கதிரடிப்பும் சேர்ந்து செய்யும் இயந்திரம் வந்ததும் இருபது ஆள் செய்த வேலைக்கு இரண்டு ஆள் போதும் என்றாயிற்று. வேலை போனதும் அதோடு ஒட்டியிருந்த விருந்தும் போயிற்று. பிள்ளைகள் துலூஸுக்கும் பாரிசுக்கும் வேலை தேடிப் போனார்கள். தொலைக்காட்சிதான் இராக்கூட்டத்தைக் கொன்றது என்பார்கள், முழுக்க உண்மையில்லை. 1950களின் தொடக்கத்தில் வடக்கே ‘ஏன்’ (Aisne) என்ற மாவட்டத்துக் கிராமங்களில் ஊரே காசு சேர்த்து ஒரு பெட்டி வாங்கி, பள்ளிக்கூடத்தில் கூடிப் பார்த்தார்கள். ஒரு பெட்டி இருந்தவரை கூட்டம் இருந்தது. வீட்டுக்கு ஒன்று வந்தபோதுதான் கதவுகள் சாத்தப்பட்டன. இரவு எட்டு மணிச் செய்தி சாப்பாட்டு நேரத்தையே தீர்மானித்தது. அடுத்து ஆழ்குளிர்ப் பெட்டி வந்தது. பன்றியைப் பங்கு போடத் தேவையில்லாமல் போன நாளிலிருந்து, பங்கு திரும்பி வருவதும் நின்றது. சத்தமில்லாமல் வந்த இந்தப் பெட்டி தொலைக்காட்சியைவிடப் பெரிய குற்றவாளி என்பது என் எண்ணம்.

இன்று அதே வட்டாரத்தில் ஒரு வீட்டு இரவு விருந்து எப்படி இருக்கும்? பத்து நாள் முன்னதாகக் கைப்பேசியில் செய்தி வரும்: சனிக்கிழமை ஏழரை மணி. சரியாக ஏழரைக்குப் போய் நிற்பது நாகரிகமில்லை; கால் மணி தாமதம் மரியாதை. கையில் ஒரு புட்டி ஒயினோ பூங்கொத்தோ இருக்க வேண்டும். செவ்வந்திப் பூ மட்டும் கூடாது, அது கல்லறைக்கு. கொண்டுபோன புட்டியை அன்றே திறக்காவிட்டால் மனம் கோணக் கூடாது. தன் சமையலுக்கேற்ற ஒயினை வீட்டுக்காரர் முன்பே எடுத்து வைத்திருப்பார். முதல் ஒரு மணி நேரம் ‘அப்பெரோ’ என்ற சாப்பாட்டுக்கு முந்தைய குடி. ஜூன் 24ஆம் தேதி புனித யோவான் திருநாளை ஒட்டிப் பச்சை வால்நட் காய்களைப் பறித்து, ஒயினிலும் சாராயத்திலும் சர்க்கரையிலும் ஊறவைத்த இனிப்பு ஒயினை வீட்டுக்காரர் பெருமையோடு ஊற்றுவார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு செய்முறை. மற்றவர் செய்முறை எல்லாம் தப்பு.

மேசையைச் சுற்றி யார் யார்? துலூஸிலிருந்து ஓய்வுபெற்று வந்த ஆசிரியை. பழைய கல்வீட்டை வாங்கிச் செப்பனிட்ட ஆங்கிலேயரோ டச்சுக்காரரோ. பெருந்தொற்றுக்குப் பிறகு கணினியோடு கிராமத்துக்குக் குடிவந்த இளம் தம்பதி. ஊர்க்காரர் என்று பார்த்தால் ஒரு திராட்சைத் தோட்டக்காரர் இருந்தால் உண்டு. அறுபது கிலோமீட்டர் தாண்டி வந்தவரும் இருப்பார்; சுவரை அடுத்த வீட்டுக்காரர் இருக்க மாட்டார். நண்பர்களை மனம் தேர்ந்தெடுக்கிறது, வேலி தேர்ந்தெடுப்பதில்லை. மூன்று மொழி கலந்த பேச்சு, வீட்டு விலை, மருத்துவர் கிடைக்காத கவலை, காட்டுப்பன்றித் தொல்லை.

தட்டில் வருவதுதான் வேடிக்கை. மண் பானை வாத்து, பூண்டுச் சூப், வால்நட் எண்ணெய் தெளித்த கீரை. வறுமைக்காலச் சாப்பாடு விருந்துச் சாப்பாடாகிவிட்டது. எழுபதைத் தாண்டிய ஒருவர் ஷப்ரோ செய்து காட்டினால் மற்றவர்கள் கைப்பேசியில் படம் பிடிக்கிறார்கள். அடுத்து சீஸ்: முப்பத்தைந்து கிராம் எடையில் சின்ன வட்டமாக வரும் ரொக்கமதூர் ஆட்டுப்பால் சீஸ், 1996 முதல் பிறப்பிடச் சான்று பெற்றது. சீஸ் தட்டை இரண்டாவது முறை நீட்டக் கேட்பது அழகில்லை. மரக்கறி மட்டும் உண்பவருக்கு வாத்து நாட்டிலும் இப்போது தனித்தட்டு உண்டு. கூட்டத்தில் யாருக்காவது கோதுமை ஒத்துக்கொள்ளாது. 1900இல் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 900 கிராம் ரொட்டி தின்ற நாடு, இன்று 120 கிராமுக்குள் நின்றுவிட்டது. சின்ன ஊர்களில் ரொட்டிக் கடை மூடி, சதுக்கத்தில் காசு போட்டால் பகேத் என்ற நீள ரொட்டியைத் தள்ளும் இயந்திரம் நிற்கிறது. அந்தப் பகேத்தின் கைவினையை 2022இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஒயின் கதை இன்னும் சுவையானது. காவோர்த் திராட்சைத் தோட்டங்களை 1956 பிப்ரவரிப் பனி ஏறத்தாழ முழுதாகக் கருக்கியது. மீண்டும் நட்டு, 1971இல் பிறப்பிடச் சான்று பெற்று, கறுத்த சிவப்பில் மல்பெக் ஒயினை உலகுக்கு விற்கிறார்கள். அன்று உழவர் நாள் முழுக்கக் குடித்தது நீர்த்துப்போன வீட்டு ஒயின். பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி உணவில் மது கொடுக்கக் கூடாது என்று அரசு சொன்னதே 1956இல்தான். இன்று குறைவாகக் குடிக்கிறார்கள், நல்லதாகக் குடிக்கிறார்கள். 1995 முதல் ஓட்டுநர் இரத்தத்தில் லிட்டருக்கு அரை கிராமுக்கு மேல் மது இருக்கக் கூடாது. கிராமத்தில் பேருந்து ஏது? அதனால் ஒவ்வொரு தம்பதியிலும் ஒருவர் தண்ணீர்க் குவளையோடு உட்கார்ந்திருக்கிறார். அன்று எல்லாரும் நடந்து வீடு போனார்கள்.

இன்றைய மேசையில் பெண்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஆண்கள் சமைத்துவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருக்கிறார்கள். சாப்பாடு நள்ளிரவைத் தொடுகிறது, யாரும் கத்தியை மடக்குவதில்லை. எனக்கு அந்தப் பழைய மேசை வேண்டாம். ஆனால் அதில் இருந்த ஒன்று இந்த மேசையில் இல்லை. கணவனை இழந்த கிழவியையும், வாய்கொடுத்தால் மீள முடியாத சலிப்பூட்டும் கிழவரையும் அன்று யாரும் அழைத்ததில்லை. அவர்கள் வந்தார்கள், நெருப்பருகே இடம் இருந்தது. இன்று அழைப்புப் பட்டியலில் அவர்கள் பெயர் வருவதற்குக் காரணமே கிடையாது. (வேலித் தகராறில் சிக்கிய வீட்டை அன்றும் ஊர் ஒதுக்கியே வைத்தது. பாதிரியார் பக்கம், குடியரசுப் பக்கம் என்று இரண்டு கஃபேக்கள் இருந்த ஊர்களும் உண்டு.)

அந்த வெற்றிடம் தெரிந்துதானோ என்னவோ, ஜூலை, ஆகஸ்டில் லோத் மாவட்டத்து ஊர்ச் சதுக்கங்களில் இரவுச் சந்தை போடுகிறார்கள். தட்டு, கத்தி, குவளை வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். உற்பத்தியாளரிடமே வாத்தும் முலாம்பழமும் வாங்கி, நீண்ட மேசையில் முன்பின் தெரியாதவர் தோளோடு தோள் இடித்துச் சாப்பிடலாம். கோடை விருந்தாளிகள் போனதும் மேசைகளைக் கட்டிவைத்துவிடுவார்கள். 2018 நவம்பரில் எரிபொருள் வரியை எதிர்த்து மஞ்சள் மேலங்கிக்காரர்கள் சாலை வட்டச் சந்திப்புகளைப் பிடித்தபோது, அங்கே குடிசை போட்டு, விறகு மூட்டி, சூப் காய்ச்சிப் பகிர்ந்தார்கள். ஒரே ஊரில் பல ஆண்டுகள் இருந்தும் பேசிக்கொள்ளாதவர்கள் அங்கேதான் பேசினோம் என்றார்கள். வாரக்கணக்கில் அந்த நெருப்பை அணையவிடவில்லை. பிறகு காவல்துறை வந்து குடிசைகளைப் பிரித்தது.

கஃபேக்களும் ஒருவகையில் திரும்பி வருகின்றன. 1960இல் நாடெங்கும் சுமார் 2 லட்சம் இருந்தவை இப்போது 40 ஆயிரத்துக்கும் கீழே. மூடியவற்றில் சிலவற்றை ஊர்ச் சங்கங்கள் எடுத்து நடத்துகின்றன. காலையில் ரொட்டி, பகலில் அஞ்சல் பொட்டலம், வெள்ளிக்கிழமை இரவு ஒரே விலைக்கு ஒரே சாப்பாடு. தன்னார்வலர்கள் முறைவைத்துச் சமைக்கிறார்கள். தனியாக வருபவருக்குத் தனிமேசை போடுவதில்லை. காலியாக இருக்கும் நாற்காலியில் உட்கார்த்திவிடுகிறார்கள். முன்னதாகப் பெயர் மட்டும் கொடுத்துவைக்க வேண்டும், சமையலுக்கு அளவு தெரிய வேண்டுமே.