டான்யூப் நதியும் பண்ணைப்புரமும்

ஐரோப்பாக் கண்டத்தின் நடுவே டான்யூப் என்று ஒரு மகாநதி ஓடுகிறது. நம் காவேரிக் கரையில் திருவையாறு எப்படியோ, அப்படியே அந்நதிக்கரை ஊர்களுக்கும் ஸங்கீதம் என்றால் உயிர். ஆஸ்திரியா தேசத்து லின்ஸ் நகரம் அக்கரையில்தான் இருக்கிறது. கீழே சென்றால் வியன்னா. இன்னும் கீழே சென்றால் ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்ட். 1783-ஆம் ஆண்டு மோஸார்ட் என்னும் மேதை லின்ஸ் நகரில் வந்து தங்கியபோது, கச்சேரிக்கு நாள் குறித்துவிட்டார்கள், கையிலோ ஸிம்பனி ஒன்றும் இல்லை என்ற நிலை. நாலே நாளில் புதிதாக ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டார்! இன்றும் அதற்கு 'லின்ஸ் ஸிம்பனி' என்றே பெயர். ப்ரூக்னர் என்ற மற்றொரு பெரியவர் அதே ஊர்க் கோயிலில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தவர்.

இப்பேர்ப்பட்ட ஊரிலே 1970-ஆம் ஆண்டு சில வாலிபர்கள் சேர்ந்து ஒரு வாத்தியக் கோஷ்டியை ஆரம்பித்தார்கள். 'ஈலா கிரேக்' என்று அதற்குப் பெயர். மின்சார கிதார், டிரம், புல்லாங்குழல், ஒன்றுக்கு மேற்பட்ட விசைப்பலகைகள் ஆகியவற்றை வைத்துக்கொண்டு, ராக் ஸங்கீதத்தின் ஆவேசத்தையும் ஸிம்பனியின் விஸ்தாரத்தையும் ஒன்றாக்கப் பார்த்தார்கள். மூன்று நிமிஷப் பாட்டு அவர்களுக்குப் போதவில்லை. 1971-ல் முதல் இசைத்தட்டு. பிறகு 1976, 1977, 1978, 1980 ஆகிய ஆண்டுகளில் நான்கு தட்டுகள். 1978-ல் வந்த 'மிஸ்ஸா யூனிவர்ஸாலிஸ்' என்பது முழுக்க முழுக்கக் கிறிஸ்தவ ஆராதனைப் பாடல். லத்தீன், ஜெர்மன், இங்கிலீஷ், பிரெஞ்சு ஆகிய பாஷைகளில் அமைந்தது. கோயில் ஸங்கீதத்தை மின்சார வாத்தியத்தில் ஏற்றிய அந்தத் துணிச்சலை நினைத்து இன்றும் மெச்சுகிறவர்கள் உண்டு. ஆனால் எத்தனை பேர்? உலகம் முழுவதும் தேடிப் பிடித்தால் ஒரு சிறு கூட்டந்தான் தேறும். கோஷ்டியின் ஸ்தாபகர்களில் ஒருவரான ஹூபர்ட் பொக்னர்மாயர், 1979-ல் லின்ஸ் நகரில் ஆரம்பமான 'ஆர்ஸ் எலெக்ட்ரானிகா' என்ற கலை விழாவைத் தோற்றுவித்தவர்களிலும் ஒருவர். விழாவுக்கு உலகப் புகழ் வந்தது, இசைத்தட்டுகளுக்கு வரவில்லை.

"லின்ஸ் நகரத்துச் சமாசாரம் நமக்கு எதற்கு?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த வாலிபர்கள் எதை எண்ணி மெனக்கெட்டார்களோ, அதே காரியத்தை நம் தமிழ்நாட்டில் ஒருவர் செய்து வைத்திருக்கிறார். அவர்களுக்கோ பின்னால் மோஸார்ட்டும் ப்ரூக்னரும் பக்கபலமாக நின்றார்கள். இவருக்குப் பின்னால் நின்றது தேனிச் சீமையிலுள்ள பண்ணைப்புரம் என்னும் கிராமமும், தமையனார் பாவலர் வரதராஜனின் மேடைக் கச்சேரியும்.

ஸ்ரீ இளையராஜாவைத் தமிழர்களுக்கு அறிமுகம் செய்துவைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்குச் சமானம். ஆயினும், அவருடைய சினிமாப் பாட்டுக்களை நூற்றுக்கணக்கில் மனப்பாடமாகச் சொல்லும் வீடுகளில்கூட, சினிமாவுக்கு வெளியே அவர் செய்த இசைத்தட்டுகளைப் பற்றிக் கேட்டால் ஒரு நிமிஷம் மௌனம் நிலவுகிறது. அந்த மௌனத்தை உத்தேசித்துத்தான் இந்தக் கட்டுரை.

பட்டணத்துக்கு வந்த இளைஞருக்கு மேல்நாட்டு ஸங்கீதத்தைச் சொல்லிக் கொடுத்தவர் தன்ராஜ் மாஸ்டர். மயிலாப்பூரில் ஒரு விடுதி அறையே அவருடைய பாடசாலை. அந்த அறையில்தான் பாஹ், மோஸார்ட் முதலியோரின் ஸ்வரக் குறிப்புக்கள் பண்ணைப்புரத்துப் பிள்ளையின் கண்ணுக்குப் பழக்கமாயின. 1976-ல் 'அன்னக்கிளி' வந்தது. பிறகு நடந்தது ஊரறிந்த கதை. பத்து வருஷம் கழித்து, 1986-ல், கதாநாயகனும் இல்லாமல் கதாநாயகியும் இல்லாமல், வாய்ப்பாட்டை நம்பாமல், வாத்தியங்களை மட்டும் வைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். 'ஹௌ டு நேம் இட்?' என்று அதற்குப் பெயர். 'இதற்கு என்னவென்று பெயர் வைப்பது?' என்று அர்த்தம். பெயரிலேயே ஸங்கடத்தை ஒப்புக்கொண்டுவிட்டார்! ஸ்ரீ தியாகராஜ ஸ்வாமிகளுக்கும் ஜெர்மன் மேதை பாஹுக்கும் அது ஸமர்ப்பணம்.

ஸங்கடம் என்னவென்று கொஞ்சம் விளக்க வேண்டும். மேல்நாட்டு ஸங்கீதம் கட்டடம் கட்டுவதைப் போன்றது. ஒரே சமயத்தில் மூன்று நான்கு ஸ்வரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கவேண்டும். செங்கல் ஆடினால் சுவர் விழுந்துவிடும். நம் ஸங்கீதத்திலோ ஸ்வரம் ஆடினால்தான் அழகு. தோடியின் காந்தாரத்தை அசையாமல் பிடித்தால் அது தோடியே இல்லை. அசையும் ஸ்வரத்தை எடுத்து அசையாத சுவரில் வைப்பது எங்ஙனம்? கமகத்தைக் காப்பாற்றினால் ஹார்மனி குலைகிறது. ஹார்மனியைக் காப்பாற்றினால் ராகம் வெறும் எலும்புக்கூடு ஆகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒற்றையடிப் பாதை ஒன்று இருக்கிறதா என்று தேடியதுதான் அந்த 1986-ஆம் ஆண்டு இசைத்தட்டு.

தேடியவர்களில் இவர் முதல்வர் என்று சொல்லிவிடலாகாது. சென்னைக்கு வடக்கே மணலியில், முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில், தீக்ஷிதர் குடும்பம் தங்கியிருந்தது. கோட்டையில் வெள்ளைக்காரப் பாண்டு வாசிப்பதை அவர்கள் கேட்டார்கள். முத்துஸ்வாமி தீக்ஷிதர் அந்த மெட்டுக்களில் சுமார் 40 நோட்டு ஸ்வர ஸாஹித்யங்கள் செய்தார். அவருடைய தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் கற்றுக்கொண்டு, அதை நம் கச்சேரி மேடைக்கே ஸ்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார். இன்று பிடில் இல்லாத கச்சேரியைக் கற்பனை செய்ய முடிகிறதா? பின்னர் 1890-களில் சென்னை ஸெக்ரடேரியட் உத்தியோகஸ்தரான சின்னஸ்வாமி முதலியார், நம் கீர்த்தனைகளை மேல்நாட்டு ஸ்வர லிபியில் எழுதி அச்சிட்டு வந்தார். ஆகவே, அந்நிய வாத்தியம் வந்தது, நம் ஸங்கீதம் போயிற்று என்று கூக்குரலிடுவோர், முதலில் பிடில்காரர்களை மேடையிலிருந்து இறக்கிவிட்டுப் பிறகு பேசவேண்டும்.

1986-ஆம் வருஷத்து இசைத்தட்டில் பிரதான வயலின் வாசித்தவர் ஸ்ரீ வி. எஸ். நரசிம்மன். சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களில், பெயர் வெளியே தெரியாமல், அன்றன்று கொடுத்த காகிதத்தைப் பார்த்து வாசித்துவிட்டு வீடு திரும்பும் கூட்டத்தில் ஒருவராக இருந்தவர். பிற்பாடு 'மதராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்' என்ற நால்வர் கோஷ்டியை அமைத்துக் கீர்த்தனைகளை நான்கு தந்தி வாத்தியங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். என்னைக் கேட்டால், அந்த இசைத்தட்டின் உண்மையான கதாநாயகர் அவருடைய வில்தான்.

அதிலுள்ள ஓர் உருப்படியின் பெயர் 'ஐ மெட் பாஹ் இன் மை ஹவுஸ்'. அதாவது, 'என் வீட்டில் பாஹைச் சந்தித்தேன்'. பாஹ் தனி வயலினுக்காக எழுதி, 1720 என்று தேதியிட்ட கைப்பிரதியில் சேர்த்து வைத்த ஒரு பிரெலூட் அப்படியே ஓடி வருகிறது. நம்மவர் காதுக்கு அதன் ஸ்வரங்கள் சங்கராபரணத்தின் ஸ்வரங்களே. விருந்தாளி மூச்சுவிடாமல் பேசிக்கொண்டு போக, வீட்டுக்காரர் நடுநடுவே நிதானமாகப் பதில் சொல்கிறார். மேதையின் படைப்பில் கைவைக்கலாமா என்று கேட்பார்கள். பாஹே அதே பிரெலூடை 1731-ல் எடுத்து, ஆர்கனுக்கும் வாத்திய பிருந்தத்துக்கும் மாற்றி அமைத்து, வேறொரு கோயில் இசையில் சேர்த்திருக்கிறார். எழுதியவருக்கே இல்லாத ஆக்ஷேபம் நமக்கு ஏன்? அடுத்த உருப்படிக்கு 'பிறகு பேசிக்கொண்டிருந்தோம்' என்று பெயர். இப்படிப் பெயர் வைக்கும் குறும்பும் கிராமத்துக் குறும்புதான்.

இந்த இசையைத் தாங்கள் கேட்டதே இல்லை என்று எண்ணும் வாசகர்களில் பலர் உண்மையில் கேட்டிருக்கிறார்கள். 1988-ல் வெளிவந்த பாலு மகேந்திராவின் 'வீடு' என்ற படத்தில் பின்னணியாக ஒலிப்பது இந்த இசைத்தட்டின் இசையே. சொந்த வீடு கட்டப் புறப்பட்டுக் கடனிலும் சிமெண்டிலும் அகப்பட்டுத் திண்டாடும் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கதை அது. பாதி எழும்பிய சுவர்களுக்கிடையே சொக்கலிங்க பாகவதர் தள்ளாடி நடந்து, பூசாத செங்கல்லைத் தடவிப் பார்க்கும் காட்சி கண்ணில் இருக்கிறதல்லவா? அந்த இடத்தில் பேச்சு கிடையாது. வயலின்கள் பேசுகின்றன.

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் போகும் சாலையில் பருத்திப்பட்டு ஏரி இருக்கிறது. 2019-ஆம் ஆண்டில் அதன் கரையைப் பூங்காவாக்கினார்கள். அவ்வேரிக்கு அருகே குடியிருக்கும் நண்பர் ஒருவர், ஆவடித் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், மார்கழிக் கச்சேரி ஒன்றுவிடாமல் கேட்பவர். பேரப்பிள்ளைக்கு மேல்நாட்டு முறையில் வயலின் பாடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அங்கே சென்றிருந்தபோது தாத்தாவுக்கும் பேரனுக்கும் இந்த விஷயமாகப் பெரிய யுத்தம்.

"ஸார், நீங்களே சொல்லுங்கள். இது கர்நாடகமா, இங்கிலீஷா? இரண்டுங்கெட்டான்!" என்றார் நண்பர்.

"தாத்தா, கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். கேட்காமலேயே சொல்கிறீர்களே!" என்றான் பையன்.

கேட்டோம். பாஹ் வீட்டுக்கு வந்துபோனார். நண்பர் கண்ணை மூடிக்கொண்டார். விரல் தொடையில் தாளம் போட்டது. முடிந்ததும், "கமகம் போதாது" என்றார். சற்று நேரம் கழித்து, "இன்னொரு தடவை போடு" என்றார்.

கமகம் போதாது என்பது உண்மையே. சில இடங்களில் வயலின்கள் கூட்டமாகச் சேரும்போது ராகம் இஸ்திரி போட்ட வேஷ்டியைப் போல் மடிப்பே இல்லாமல் விறைத்து நிற்கிறது. கடைசியில் வரும் 'டூ எனிதிங்' என்பதில் தாளவாத்தியமும் ஆழ்ந்த கிதாரும் சேர்ந்து செய்யும் ஆரவாரம் அன்று புதுமை. இன்று கேட்டால் கொஞ்சம் வயதாகிவிட்டது போல் எனக்குத் தோன்றுகிறது. லின்ஸ் வாலிபர்களின் தட்டுகளுக்கும் இதே கதிதான்: விசைப்பலகைகள்தாம் முதலில் நரை கண்டிருக்கின்றன. மரமும் தந்தியும் அவ்வளவு சீக்கிரம் கிழடாவதில்லை.

1988-ல் இரண்டாவது இசைத்தட்டு வந்தது. 'நத்திங் பட் விண்ட்', அதாவது 'காற்றைத் தவிர வேறொன்றுமில்லை'. ஹிந்துஸ்தானிப் புல்லாங்குழல் மேதை ஹரிப்பிரஸாத் சௌராஸியாவும், 50 வாத்தியக்காரர்களும். மொத்தம் 5 உருப்படிகள். அவற்றில் ஒன்றின் பெயர் 'மோஸார்ட், ஐ லவ் யூ'. நாலு நாளில் லின்ஸ் ஸிம்பனியை எழுதிய அதே மோஸார்ட்டுக்குத்தான் இந்தப் பிரியம்! மூங்கிலின் ஒற்றைக் குரலுக்கு முன்னால் அத்தனை பேரும் அடங்கி, வேண்டிய இடத்தில் மட்டும் எழும்புவதைக் கேட்கும்போது, முதல் தட்டில் தேடிய ஒற்றையடிப் பாதை இங்கே கொஞ்சம் அகலமாகிவிட்டது தெரிகிறது. குழல் தன் இஷ்டம்போல் அசையலாம். அசையாத சுவரை மற்றவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

1993-ல் லண்டனுக்குச் சென்று, ராயல் பில்ஹார்மானிக் வாத்திய பிருந்தத்தைக் கொண்டு ஒரு ஸிம்பனியை ஒலிப்பதிவு செய்தார். ஜான் ஸ்காட் நடத்திக் கொடுத்தார். தமிழ்நாடே பூரித்தது, பத்திரிகைகள் எழுதின, பாராட்டுக் கூட்டங்கள் நடந்தன. ஸிம்பனி மட்டும் வெளிவரவில்லை! பிள்ளை பிறந்ததற்குச் சர்க்கரை வழங்கியாயிற்று, பிள்ளையின் முகத்தைத்தான் ஊரார் பார்க்கவில்லை.

பிறகு 2005-ல் டான்யூப் நதி நம் கதைக்குள் நிஜமாகவே வந்து சேர்ந்தது. மாணிக்கவாசகரின் திருவாசகத்திலிருந்து 6 பகுதிகளை எடுத்து, புடாபெஸ்ட் ஸிம்பனி வாத்திய பிருந்தத்தைக் கொண்டு ஒலிப்பதிவு செய்தார். நடுவே வரும் இங்கிலீஷ் வரிகளை எழுதியவர் அமெரிக்கரான ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ். அதே நதிக்கரையில், 27 வருஷங்களுக்கு முன்னால், லின்ஸ் வாலிபர்கள் தங்கள் வேதப் பாடலை நாலு பாஷையில் பாடினார்கள். இவர் நம் பக்திப் பாடலை இரண்டு பாஷையில் பாடினார். ஒருவரையொருவர் அறியார், ஆனால் இருவரும் கைவைத்த இடம் ஒன்றே. திருவாசகத்தை ஓதுவார் வாயால் கேட்டு உருகியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். அவர்கள் சுளிப்பில் நியாயம் இல்லாமல் இல்லை: பழைய பண்ணில் சொல்லுக்கு இசை சேவகம் செய்கிறது, இங்கே அநேக இடங்களில் சொல் இசைக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது. ஆனால் சுமார் 20 நிமிஷம் நீளும் அந்த ஒரு பகுதியில், பாவியேன் என்று தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் மனிதனின் தனிக்குரலுக்குப் பின்னால் அயல்நாட்டாரின் கூட்டுக்குரல் எழும்பும்போது, மனத்தில் ஏற்படும் நடுக்கத்தைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைசியாக, 2025-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் தேதி, லண்டன் மாநகரில் ஹாமர்ஸ்மித் பகுதியிலுள்ள அப்போலோ அரங்கத்தில், 'வேலியண்ட்' என்ற அவருடைய ஸிம்பனி, ஜனங்கள் முன்னிலையில், நான்கு பகுதிகளாக அரங்கேறிற்று. மிக்கேல் டாம்ஸ் என்பவர் நடத்தினார். ஆஸ்திரிய முன்னோர் ஏற்படுத்திய நான்கு பகுதி முறைதான். எழுதிய பேனா நம்முடையது. அப்போது அவருக்கு வயது 81.

இத்தனை இருந்தும் ஒரு குறை மனத்தை உறுத்துகிறது. பருத்திப்பட்டுப் பையன் பாஹின் பிரெலூடை வாசிக்க விரும்பினால், அச்சடித்த ஸ்வரப் புத்தகம் உலகத்தில் எந்தக் கடையிலும் கிடைக்கும். 'என் வீட்டில் பாஹைச் சந்தித்தேன்' என்பதில் வீட்டுக்காரர் சொன்ன பதிலை வாசிக்க வேண்டுமென்றால், நாங்கள் ஏறி இறங்கிய கடைகளில் புத்தகம் இல்லை. பையன் அதைக் காதால் கேட்டு, நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு ஸ்வரமாக நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருக்கிறான். தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து ஸ்வரஸ்தானம் சொல்லிக் கொடுக்கிறார். ஏற்கெனவே சண்டை போட்டவர்தாம்!

புதிதாகக் கேட்க விரும்பும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் 'வீடு' படத்தைப் பாருங்கள். பிறகு 1986-ஆம் ஆண்டு இசைத்தட்டைப் பகல் வேளையில், சமையலறைச் சத்தம் அடங்கிய பின் கேளுங்கள். புல்லாங்குழலுக்கு விடியற்காலை உகந்தது. லின்ஸ் கோஷ்டியின் 'மிஸ்ஸா யூனிவர்ஸாலி'ஸும் திருவாசகமும் அடுத்தடுத்துக் கேட்கத் தக்கவை. ஆனால் மறுநாள் குழந்தைகளுக்குப் பரீட்சை இல்லாத இரவாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.