வெறுங்காலோடு வந்த குரல்

பாட்டுக் கேட்காத வீடு உண்டா? காலையில் சுப்ரபாதம், சமைக்கும்போது சினிமாப் பாட்டு, மார்கழி வந்தால் கச்சேரி. இதற்கு அப்பால் உலகத்தில் என்னென்ன சங்கீதம் இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் எட்டிப் பார்த்திருக்கிறோம்? "பாஷையே புரியாது, அதைக் கேட்டு என்ன பண்றது?" என்று ஒதுக்கி விடுகிறோம். பேச்சே தெரியாத கைக்குழந்தை தாலாட்டுக்குத் தூங்குகிறதே, அது எப்படியாம்?

போன வருஷம் என் மகள் தன் செல்போனில் ஒரு பாட்டைப் போட்டாள். அவசரமே இல்லாத, கனத்த பெண் குரல். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் நறுக்கிக் கொண்டிருந்த வெண்டைக்காயை அப்படியே வைத்துவிட்டுக் கேட்டேன். "யாருடி இது?" என்றேன். "செஸாரியா எவோரா. கேப் வெர்டேம்மா" என்றாள். அன்றிலிருந்து அந்த அம்மாளைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். படித்ததைத்தான் உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

பஞ்சத்தில் பிறந்த பாட்டு

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் கடலில் உள்ள பத்துத் தீவுகள்தான் கேப் வெர்டே. 15-ம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்தபோது அங்கே மனித வாசமே கிடையாது. அவர்களும், அடிமைகளாகக் கொண்டு வரப்பட்ட ஆப்பிரிக்கர்களும் சேர்ந்து உண்டானதே இன்றைய ஜனங்களும், அவர்கள் பேசும் கிரியோல் பாஷையும். சுதந்திரம் கிடைத்தது 1975-ல். மழை அடிக்கடி பொய்த்துப்போகும் பூமி. 1940-களில் வந்த பஞ்சத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். பிழைப்புக்காகக் கப்பலேறியவர்கள் ஏராளம்.

வழியனுப்பிவிட்டுக் கரையில் நின்றவர்களின் ஏக்கத்தை அவர்கள் 'சொதாத்' என்கிறார்கள். அந்த ஏக்கம் நிறைந்த பாட்டுக்கு 'மோர்னா' என்று பெயர். மெதுவான நடை. கிதார், வயலின், 'கவாக்கின்யோ' என்ற நாலு தந்திச் சின்ன வாத்தியம், இவைதான் முக்கியப் பக்கவாத்தியங்கள். பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு போன் மணிக்குக் காத்திருக்கும் தாய்க்கு இதற்கு அர்த்தம் சொல்ல வேண்டுமா என்ன?

நாற்பத்தேழு வயதில்

செஸாரியா 1941-ல் மிண்டெலோ என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். தாயார் சமையல் வேலை செய்தவர். வாத்தியம் வாசித்த தகப்பனார் இவருக்கு ஏழு வயதிருக்கும்போதே காலமாகிவிட்டார். சில காலம் அநாதை விடுதியில் வளர்ந்தார். பதினாறு வயதிலேயே மதுக்கடைகளில் பாட ஆரம்பித்தார். வருமானம் சொற்பம். 1970-களின் நடுவில் பாட்டையே விட்டுவிட்டார். கிட்டத்தட்டப் பத்து வருஷம்! குழந்தைகளைத் தனியாக நின்று வளர்த்தார்.

மறுபடி பாட வந்தபோது, பாரிஸில் குடியேறியிருந்த ஜோஸே ட சில்வா என்ற கேப் வெர்டேக்காரர் லிஸ்பன் நகரில் இவர் பாட்டைக் கேட்டு, பாரிஸுக்கு அழைத்துப் போனார். 1988-ல் முதல் ஆல்பம் வெளிவந்தது. அதன் பெயருக்கு 'வெறுங்கால் நாயகி' என்று பொருள். செருப்பில்லாமல்தான் மேடை ஏறுவார். அப்போது அவருக்கு வயது 47! 1992-ல் வந்த ஆல்பத்தில் இருக்கும் 'சொதாத்' பாட்டு, சாவோ தோமே தீவின் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனவர்களைப் பற்றியது. 2004-ல் கிராமி விருது. 2011 டிசம்பரில் காலமானார். மோர்னாவை 2019-ல் யுனெஸ்கோ, மனிதகுலத்தின் கலாசாரச் சொத்துக்களில் ஒன்றாகச் சேர்த்தது.

"நாற்பதுக்கு மேல் நமக்கு என்னடி பாட்டும் கூத்தும்?" என்பார் என் பக்கத்து வீட்டு மாமி. அவருக்கு நான் முதலில் சொன்னது இந்தக் கதையைத்தான்.

இன்னும் இரண்டு

செஸாரியாவோடு நின்றுவிடாதீர்கள். ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவுகளில் முன்பெல்லாம், கையால் நெய்த கம்பளித் துணியைப் பெண்கள் நனைத்து, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து தட்டித் தட்டி இறுக்குவார்கள். ஒருத்தி முதலடி பாட, மற்றவர்கள் சேர்ந்து பாடுவார்கள். தட்டுகிற சத்தமே தாளம். மாலி நாட்டின் ஊமூ சங்காரேயோ, அம்மாவுக்கு ஒத்தாசையாகச் சின்ன வயதிலேயே பாட வந்தவர். பலதார மணத்தால் பெண்கள் படும் துயரத்தைப் பாடுபவர். இவருடைய முதல் கேசட்டின் பெயர் 'மூசோலூ'. அதற்கு 'பெண்கள்' என்றே அர்த்தம்.

எப்படிக் கேட்பது?

• ஒரு நாளைக்கு ஒரே பாட்டுப் போதும். அதையே மூன்று தடவை கேளுங்கள்.
• முதல் தடவை குரலை மட்டும். இரண்டாவது தடவை வாத்தியங்களை. அர்த்தம் தேடுவது மூன்றாவது தடவைக்கு.
• ஒரு நோட்டில் பாடியவர் பெயர், நாடு, பாஷை எழுதி வையுங்கள். குழந்தைகளை விட்டு தேசப்படத்தில் இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பூகோளப் பாடமும் ஆயிற்று.
• பிடிக்கவில்லையா? விட்டுவிடுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள்.

இன்று மத்தியானம் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்ததும் பத்து நிமிஷம் ஒதுக்கி, செஸாரியாவின் 'சொதாத்'தில் ஆரம்பியுங்கள். வீட்டில் யாராவது வெளியூரில் இருந்தால், பாட்டு முடிந்த கையோடு அவர்களுக்கு ஒரு போன் போடுங்கள்.