ஈரக்கைக்கு மசியாத டச் போன்

நாற்று நடும்போது போன் அடித்தால், சேத்துக்கையால எத்தனை தடவை தேய்ச்சாலும் எடுக்காது. ஏன் தெரியுமா நண்பர்களே? அந்தத் திரைக்குக் கண் இல்லை! கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கோடுகள் உண்டு. விரல் மின்சாரத்தைக் கடத்துவதால், பட்ட இடத்தில் மின்தேக்குத்திறன் மாறும். அதைத்தான் போன் அளக்கிறது. தண்ணீரும் அதை மாற்றிவிடுவதால் குழம்பிப்போகும். காய்ந்த குச்சியையோ கண்டுக்கவே கண்டுக்காது.

2007-ல் மைக்ரோசாப்ட் அறிமுகப்படுத்திய ‘சர்ஃபேஸ்’ மேஜை வேறு ரகம். உள்ளே 5 அகச்சிவப்புக் கேமராக்கள். விரல், தூரிகை, டம்ளர் எதை வைத்தாலும் உருவத்தையே பார்க்கும். எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் கேமராவுக்கு அடியில் இடம் வேணுமே, சட்டைப்பையில் எப்படி வைப்பது? வெயிலிலும் அகச்சிவப்புக் கதிர் இருப்பதால், நம்ம களத்துமேட்டில் வைத்தால் அதுக்கும் கண் கூசிவிடும்!