கடையில் கேட்டு வாங்கிய ட்யூப்

நான் தோல் மருத்துவத்தில் சேர்ந்த காலத்தில் வெளிநோயாளர் பிரிவுக்கு வருகிறவர்கள் சொறி, சிரங்கு, தேமல் என்று வருவார்கள். மருந்து எழுதிக் கொடுத்தால் சில வாரங்களில் ஆறிவிடும். இப்போது வருகிறவர்களில் பலருக்கு, வந்த நோயைவிட அதன்மேல் தடவிய களிம்பு செய்த கெடுதல்தான் பெரிதாக இருக்கிறது.

அண்மையில் ஒரு பெண் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கன்னத்தில் மங்கு விழுந்திருந்ததாம். கல்யாணப் பேச்சு நடந்த நேரம். பக்கத்து வீட்டு அக்கா ஒரு ட்யூபின் பெயரைச் சொல்ல, மெடிக்கலில் சீட்டு இல்லாமலே கொடுத்திருக்கிறார்கள். பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆனது. எட்டு மாதம் விடாமல் தடவினார். “ஒரு நாள் போடலன்னா செவந்து போயிடுது டாக்டர். வெயில்ல நடந்தா மொளகாப்பொடி பூசின மாதிரி எரியுது.” துப்பட்டாவை விலக்கினால் கன்னமெங்கும் மெல்லிய சிவப்பு ரத்தக் குழாய்கள், தாடையில் பருக்கள், மேலுதட்டில் புதிதாக முளைத்த முடி.

அந்த ட்யூபில் இருந்தது ஸ்டீராய்டு. மோசமான மருந்து என்று அதைச் சொல்ல மாட்டேன். 1952இல் சல்ஸ்பெர்கர், விட்டன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலின்மேல் தடவிப் பலன் கண்ட பிறகுதான் எக்ஸிமா நோயாளிகளுக்கு விடிவு பிறந்தது. இன்றும் எக்ஸிமாவுக்கும் சோரியாசிஸுக்கும் நானே எழுதித் தருகிறேன். எவ்வளவு வீரியம், உடம்பின் எந்த இடம், எத்தனை நாள் என்ற மூன்றையும் தீர்மானித்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது. விரல் நுனியின் ஒரு கணு நீளத்துக்குப் பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்கு அது போதும்.

முகம் ஏன் முதலில் வெளுக்கிறது? ஸ்டீராய்டு தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. நிறமி உருவாவதையும் குறைக்கிறது. நாம் சிவப்பழகு என்று மகிழ்வது இதைத்தான். மாதக்கணக்கில் தொடர்ந்தால் தோல் மெலிந்து, குழாய்கள் விரிந்து வெளியே தெரியும். நிறுத்தினால் அடக்கி வைத்த அழற்சி இரண்டு மடங்காகத் திரும்பும். அதற்குப் பயந்து மறுபடி அதே ட்யூப். இப்படிக் கெட்ட முகத்துக்கு 2008இல் நம் நாட்டு மருத்துவர்கள் தனியாக ஒரு பெயரே வைக்க வேண்டியதாயிற்று. கண் இமைமேல் நெடுநாள் தடவினால் கண்ணழுத்த நோயும் புரையும் வரலாம். குழந்தையின் டயப்பர் பகுதியில் தடவுவது இன்னும் ஆபத்து; மூடிய ஈரத் தோல் மருந்தை உடம்புக்குள் இழுத்துக்கொள்ளும்.

படர்தாமரையின் கதையும் இதேதான். பூஞ்சை மருந்து, கிருமி மருந்து, வீரியமான ஸ்டீராய்டு மூன்றையும் ஒன்றாகக் கலந்த களிம்புகள் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. தடவிய அன்றே அரிப்பு நின்றுவிடும். பூஞ்சையோ தோலின் எதிர்ப்பு அடங்கிய தைரியத்தில் பரவும். தொடையிடுக்கில் விழும் வரித் தழும்புகள் பிறகு மறைவதே இல்லை. வழக்கமான டெர்பினாஃபின் மாத்திரைக்குப் பெரும்பாலும் கட்டுப்படாத ஒரு பூஞ்சைக்கு, 2020இல் இந்தியாவின் பெயரை வைத்தே ‘டிரைகோபைட்டான் இண்டோட்டினியே’ என்று பெயரிட்டார்கள். எனக்கு அது வெட்கமாக இருக்கிறது. படர்தாமரைக்குப் பூஞ்சை மருந்து மட்டும் போதும். மருத்துவர் சொன்ன நாள்வரை விடாமல் போட வேண்டும். வீட்டில் யாருக்கெல்லாம் இருக்கிறதோ அத்தனை பேரும் சேர்ந்து மருந்து எடுக்க வேண்டும். துண்டைப் பகிராதீர்கள். ஈரம் ஊறிக் கிடக்கும் அரைஞாண் கயிற்றைக் கொஞ்ச காலம் கழற்றி வையுங்கள். சொன்னால் பாட்டிமார் முகம் சுளிக்கிறார்கள், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

பெயர் தெரியாத வெளுப்பு க்ரீம்களில் இன்னொரு விஷமும் உண்டு: பாதரசம். 2023இல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், சிறுநீரகம் பழுதாகி வந்தவர்களைத் துருவிக் கேட்டபோது, விசாரணை முகத்தில் தடவிய க்ரீமில்தான் போய் முடிந்தது. கால் வீக்கமும் நுரைத்த சிறுநீரும் உள்ள யாரும் தாம் பூசும் க்ரீமை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை ‘அட்டவணை எச்’ பட்டியலின்கீழ் கொண்டுவந்தது. அந்தப் பட்டியலில் உள்ள மருந்தை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்பது குற்றம். வாங்கும்போது அட்டைப்பெட்டியைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர் எது இருந்தாலும் அது ஸ்டீராய்டுதான். அழகு க்ரீமின் மேல் தயாரித்தவர் முகவரி, உரிம எண், தொகுதி எண், உட்பொருள் விவரம் இருந்தே ஆக வேண்டும். வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதிப் பதிவு எண்ணும் வேண்டும். இல்லையென்றால் வாங்காதீர்கள். சிகிச்சை தருபவர் மருத்துவர்தானா என்று சந்தேகமா? மாநில மருத்துவ கவுன்சிலின் பதிவு எண்ணைச் சீட்டில் அச்சிடுவது மருத்துவரின் கடமை. அதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

பலருக்குத் தெரியாத உரிமை ஒன்று: 1940ஆம் ஆண்டின் மருந்து, அழகுப்பொருள் சட்டத்தின் 26ஆம் பிரிவு, வாங்கிய மருந்தையோ க்ரீமையோ கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து அறிக்கை பெற எவருக்கும் வழி செய்கிறது. கடையைப் பற்றிய புகாரை மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மருந்தின் பக்கவிளைவைத் தெரிவிக்க 1800-180-3024. இழப்பீடு கேட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால், பாதிப்பு நேர்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. எல்லாவற்றுக்கும் பில் வேண்டும். அந்தப் பெண்ணிடம் பில் இல்லை. இருபது ரூபாய்க்கு எதற்கு பில் என்று கேட்காமல் விட்டிருந்தார்.

நெடுநாள் ஸ்டீராய்டு தடவியவர்கள் தாமாக நிறுத்திப் பார்க்காதீர்கள். உடம்பெங்கும் தடவியவர்களுக்குத் திடீரென நிறுத்துவது ஆபத்தாகவும் முடியலாம். படிப்படியாகக் குறைக்க வழி உண்டு. அந்தப் பெண்ணுக்கு நான் எழுதியது வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், வெளியே போனால் குடை, பருக்களுக்கு மாத்திரை. முகத்துக்குச் சோப்பு வேண்டாம் என்றேன். முதல் மாதம் முகம் இன்னும் சிவக்கும், பயப்பட வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். அவருடைய அம்மா ட்யூபைக் குப்பைத்தொட்டியில் போடப் போனார். வாங்கி, அதிலிருந்த தொகுதி எண்ணைக் கேஸ் சீட்டில் குறித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தேன்; மருந்து ஆய்வாளருக்குப் புகார் எழுதும்போது அது வேண்டும்.