தன் பிள்ளை தானே வளருமா?

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். மும்பை தாராவியில் குடியிருக்கும் நர்ஸ் சகோதரி ஒருவரிடம் இதைச் சொன்னேன். “நைட் டியூட்டி அன்று என் பிள்ளையை யார் தூங்க வைப்பது என்று பழமொழி சொல்லவில்லையே, அண்ணா!” என்று சிரித்தார்.

இவரை எனக்கு டிக்கெட் கவுண்டர் வழியாகத்தான் தெரியும். மாதா மாதம் சீசன் டிக்கெட் எடுக்க வருவார். பூர்வீகம் திருநெல்வேலி மாவட்டம். புறநகரில் ஒரு மருத்துவமனையின் பிரசவ வார்டில், ஒப்பந்த முறையில் வேலை.

ஒரு வாரம் காலை 7 முதல் 2 வரை. மறு வாரம் 2 முதல் இரவு 9 வரை. அடுத்தது இரவு 9 முதல் காலை 7 வரை. மாற்று நர்ஸ் வந்து பொறுப்பேற்காமல் வார்டை விட்டு நகர முடியாது. நம்மைப் போன்ற குமாஸ்தாக்கள் மணி ஆனதும் பெட்டியைப் பூட்டிவிடலாம். பிரசவ வலி மணி பார்த்தா வருகிறது?

நைட் முடிந்து வீடு வந்தால் குழாயில் தண்ணீர் நிற்கும் நேரம். தண்ணீர் பிடித்து, சமைத்து, தோல் பட்டறைக்குப் போகும் கணவருக்குச் சோறு கட்டிவிட்டுப் படுத்தால், மூன்று வயது மகன் விழித்துக்கொள்வான். இதுவரை மாமியார் பார்த்துக்கொண்டார். அவர் இனி ஊரோடு இருக்கப் போகிறார். சகோதரிக்கு இப்போது ஐந்தாம் மாதம். “ஒப்பந்தக்காரர்களுக்குச் சம்பளத்தோடு லீவு கிடையாது” என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்களாம். வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறார்.

அவசரப்பட வேண்டாம். 1961-ஆம் ஆண்டுப் பிரசவ காலச் சலுகைச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு என்றாயிற்று. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகமும் வேண்டும். 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இவை இடம்பெற்றன. தில்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்களுக்கும் பிரசவ காலச் சலுகை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது. ஆகவே, எழுத்து மூலம் கேளுங்கள். நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, 26 வாரம் முடிந்த பிறகு?

அதே வரிசையில் இரண்டு நர்சுகள் எதிரெதிர் ஷிப்ட் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். ஒருவர் டியூட்டிக்குப் போனால் மற்றவர் இரு வீட்டுப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்கிறார். டியூட்டி பட்டியலை அடுப்படிச் சுவரில் ஒட்டிவைத்து, அதன்படியே வீட்டு வேலையைப் பங்கிடுகிறார்கள். இதில் ஆண்களுக்கும் பங்கு உண்டு. “பெண்டாட்டி டூட்டிக்குப் போக, இவன் சோறு வடிக்கிறான்” என்று கேலி பேசுவோர் வாடகைக்கு உதவப் போவதில்லை.

நமது தமிழ்ச் சங்கங்கள் ஆண்டு விழாச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி, ஒரு குழந்தைக் காப்பகம் நடத்த முன்வரலாமே!

சென்ற வாரம் அந்தச் சகோதரி மீண்டும் கவுண்டருக்கு வந்தார். மனு கொடுத்துவிட்டாராம், பதில் இன்னும் வரவில்லை. கணவர் மட்டும் சோறு வடிக்கப் பழகிவிட்டார். “கொஞ்சம் குழைந்துவிடுகிறது அண்ணா, பரவாயில்லை” என்றார். அடுத்த மாதத்துக்கும் சீசன் டிக்கெட் எடுத்துக்கொண்டு போனார்.