அடர்த்தி கூடியும் முறிந்த எலும்பு

தர்மபுரி மாவட்டத்தின் பல ஊர்களில் பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்தவர்கள் உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீரில் கலந்திருந்த ஃப்ளோரைடுதான் காரணம். குடிநீரில் இது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீரே கிடைக்காவிட்டால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பிலும் ஃப்ளோரைடு ஏறும். முதுகும் மூட்டுகளும் இறுகும். மதராஸ் மாகாணத்தில் இந்த நோய் பரவியிருப்பதை மருத்துவர்கள் 1937-லேயே எழுதிவிட்டார்கள். தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இந்த நீருக்கு மாற்றாக ஒகேனக்கல் காவிரி நீர்த் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது 2013-ல்.

இந்த நோயாளிகளின் எக்ஸ்ரேயில் எலும்பு வழக்கத்தைவிட வெளுப்பாக, அடர்த்தியாகத் தெரியும். அப்படியானால் எலும்பு தேய்ந்தவர்களுக்கு ஃப்ளோரைடையே மருந்தாகக் கொடுத்தால் என்ன?

கொடுத்தும் பார்த்தார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் மாதவிடாய் நின்ற 202 பெண்களிடம் நான்கு ஆண்டுகள் நடத்திய ஆய்வு 1990-ல் வெளியானது. ஃப்ளோரைடு எடுத்தவர்களின் இடுப்புப் பகுதி முதுகெலும்பு 35 சதவீதம் அடர்த்தி கூடியிருந்தது. ஆனால் முதுகெலும்பு அல்லாத மற்ற எலும்புகளில் அவர்களுக்கு ஏற்பட்ட முறிவுகள் 72. மருந்தில்லா மாத்திரை எடுத்தவர்களுக்கு 24.

எலும்பு அடர்த்தி ஸ்கேன் காட்டாத இந்த பலவீனத்தை ஆய்வகத்தில் எலும்பை முறித்துத்தான் கண்டுபிடிக்க முடியும். முயல் அல்லது எலியின் தொடை எலும்பை இரண்டு முட்டுகளின் மேல் கிடத்தி, நடுவில் மெல்ல மெல்ல அழுத்துகிறது இயந்திரம். எவ்வளவு விசைக்கு எவ்வளவு வளைந்தது, எங்கே முறிந்தது என்பது வரைபடமாகப் பதிவாகும். எலும்பு உப்புநீரில் நனைந்தே இருக்க வேண்டும். காய்ந்துவிட்டால் விறைத்து, சாக்பீஸ் மாதிரி படக்கென்று ஒடிந்து பொய்க் கணக்குக் காட்டும். இன்னொரு சோதனையில், எலும்பில் முன்கூட்டியே சின்னதாக ஒரு வெட்டுப் போட்டுவிட்டு, அந்த விரிசல் நீள எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்று அளப்பார்கள். ஃப்ளோரைடு கொடுத்த முயல்களின் எலும்பு எடை கூடியும் வலிமை கூடவில்லை.

அடர்த்தி மட்டுமே வலிமையல்ல. எலும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கனிமம். அது கடினத்தைத் தருகிறது. முறியாமல் வளைந்துகொடுக்கும் தன்மை பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதத்தால் வருவது. எரித்த எலும்பில் கனிமம் அப்படியே இருக்கும். கொலாஜன் போய்விட்டதால் விரலிலேயே நொறுங்கும். மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட கொலாஜனின் வடிவத்தை உலகுக்குச் சொன்னது சென்னை. 1954-55-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வால் தசைநாணை எக்ஸ்ரே படமெடுத்து அதைக் கண்டறிந்தார்கள்.

உயிரோடிருப்பவரின் எலும்பை முறித்துச் சோதிக்க வழியில்லை. அதனால்தான் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஃப்ராக்ஸ் கணக்கீடு ஸ்கேன் எண்ணோடு நிற்பதில்லை. வயது, முன்பு ஏற்பட்ட முறிவு, அம்மா அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்ததா, புகைப்பழக்கம், ஸ்டீராய்டு மாத்திரை என்று எல்லாவற்றையும் கேட்டு, அடுத்த பத்து ஆண்டுகளில் முறிவு ஏற்படும் வாய்ப்பைச் சொல்கிறது.