ஒரே பயணம், எத்தனை டிக்கெட்?

மும்பையின் ரயில், பஸ், மெட்ரோ எல்லாம் ஒரே செயலிக்குள் வந்துவிட்டன. ஆனால் தாராவித் தமிழரின் அலைச்சலும் செலவும் அப்படியேதான் இருக்கின்றன.

தாராவி 90 அடி சாலையிலிருந்து செம்பூருக்கு வேலைக்குப் போகும் ஒருவர், பஸ் பிடித்து சயான் ஸ்டேஷனுக்கு வர வேண்டும். அங்கிருந்து லோக்கலில் அடுத்த ஸ்டேஷனான குர்லா. அங்கே பாலம் ஏறி இறங்கி ஹார்பர் லைனுக்கு மாறினால் திலக் நகர், அப்புறம் செம்பூர். வேலை செய்யும் இடம் ஸ்டேஷனிலிருந்து தள்ளி இருந்தால் மீண்டும் ஒரு பஸ்.

ரயிலுக்கு 5 ரூபாய். பெஸ்ட் பஸ்ஸின் குறைந்தபட்சக் கட்டணமும் 5 ரூபாயாகத்தான் இருந்தது. 2025 மே மாதம் 10 ஆனது. ஆக, போக 25, வர 25. இந்தச் செலவை மிச்சம் பிடிக்கத்தான் பலர் சயானுக்கு நடந்தே போகிறார்கள். அங்கிருந்த பழைய ரயில்வே மேம்பாலமும் புதிதாகக் கட்டுவதற்காக 2024 ஆகஸ்டில் வாகனங்களுக்கு மூடப்பட்டது. பஸ்கள் சுற்றிப் போக நேர்ந்தது.

மாதுங்காவின் கதை விசித்திரமானது. மத்திய ரயில்வேயில் மாதுங்கா, மேற்கு ரயில்வேயில் மாதுங்கா ரோடு, ஹார்பர் லைனில் கிங்ஸ் சர்க்கிள் என மூன்று ஸ்டேஷன்கள். எல்லாம் நடக்கிற தூரம்தான். ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற, மழையோ வெயிலோ, நடைபாலமும் நடைபாதையுமே கதி. செம்பூரிலிருந்து ஆட்டோவில் கிளம்பினாலும் சயானோடு சரி. அதற்குத் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதி கிடையாது. கோயிலுக்கும் பூ வாங்கவும் மாதுங்கா வரும் முதியவர்கள் அங்கே இறங்கி டாக்ஸி தேட வேண்டியதுதான்.

புதிய சேவைகளுக்குப் பஞ்சமில்லை. தாராவிக்கு 2025 மே மாதம் சுரங்க மெட்ரோ வந்தது. பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸ், வோர்லி, விமான நிலையம் போகிறவர்களுக்கு வரப்பிரசாதம். மாதுங்காவுக்கோ செம்பூருக்கோ அது போகாது. செம்பூரின் மோனோ ரயில் இன்னொரு பாடம். 2014-ல் வடாலா வரை ஓடத் தொடங்கி, 2019-ல் ஜேக்கப் சர்க்கிள் வரை நீண்டும் கூட்டம் சேரவில்லை. 2025 ஆகஸ்ட் 19 அன்று மழையில் ஹார்பர் லைன் முடங்க, மக்கள் மோனோ ரயிலுக்கு ஓடினார்கள். பாரம் தாங்காமல் அது மைசூர் காலனி அருகே அந்தரத்தில் நின்றது. தீயணைப்புப் படையினர் வந்து பயணிகளை இறக்கினார்கள். அடுத்த மாதமே சீரமைப்புக்காக சேவை நிறுத்தப்பட்டது.

அக்டோபரில் வந்தது ‘மும்பை ஒன்’ செயலி. 11 போக்குவரத்து அமைப்புகளை ஒன்று சேர்த்தது. வரிசையில் நிற்கும் வேலை மிச்சம். ஆனால் டிக்கெட்தான் ஒன்றானதே தவிர, கட்டணம் ஒன்றாகவில்லை. காரணம், எஜமானர்கள் வேறு வேறு: லோக்கல் மத்திய அரசுடையது, பெஸ்ட் மாநகராட்சியுடையது, தாராவி மெட்ரோ மத்திய, மாநில அரசுகளின் கூட்டு நிறுவனம். வருமானத்தைப் பங்கிடுவது யார் என்ற கேள்விக்கு செயலியால் பதில் சொல்ல முடியாது.

அதற்குத்தான் ஒருங்கிணைந்த ஆணையம் வேண்டும் என்றது 2006-ம் ஆண்டு தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை. சென்னை 2010-ல் அதற்குச் சட்டமே இயற்றியது. ‘சென்னை ஒன்’ செயலி 2025 செப்டம்பரில்தான் வந்தது. சிங்கப்பூரில் 2010 ஜூலையிலிருந்து பஸ்ஸிலிருந்து ரயிலுக்கு மாறினாலும் மொத்த தூரத்துக்குத்தான் கட்டணம். மாறி ஏறுவதற்குத் தண்டனை இல்லை.

தாராவிப் பயணி கேட்பதும் இதைத்தான். அவர் போவது ஓர் இடத்துக்கு. பணம் கட்டுவது மூன்று முறை.